வினிகர் பாட்டில்

மதிய வெயிலில் பூனை தண்ணீர் குடிக்கும் மின் நீரூற்றுத் தொட்டி மெல்ல முனகியபடி ஓடுகிறது. வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள். வீடெங்கும் பிளீச் வாடை. "தொட்டி மோட்டாரை எதுலங்க கழுவினீங்க?" "வினிகர்லதான். பாசி பிடிச்சு ஒரே வழவழப்பு," என்கிறான் கணவன், அடைத்த மூக்கை உறிஞ்சிக்கொண்டே. காலியான வினிகர் பாட்டிலில் பிளீச்சை ஊற்றி வைத்தவள் அவள்தான். அவனிடம் சொல்லவில்லை. "அலசினீங்களா?" "வினிகர்தானேன்னு அப்படியே தண்ணி ஊத்திட்டேன்..." பாய்ந்து பிளக்கைப் பிடுங்குகிறாள். முனகல் அடங்குகிறது. "பட்டு! பட்டுக்குட்டி!" சோபாவுக்கு அடியிலிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு வருகிறது பூனை. அவள் மண்டியிட்டு அதன் முகத்தை இரு கைகளிலும் ஏந்துகிறாள். மீசை நுனியில் ஒரு சொட்டு வெயிலில் மின்னுகிறது. குனிந்து முகர்கிறாள். அதே வாடை.