வாய் டுமீல்

“நீ செத்துட்டே வைப்ரன்! படு கீழே!”

“நான் எங்கே செத்தேன்? அவன் சரியாவே கத்தலையே!”

“‘டுமீல்’னு கத்தினான். என் காதால கேட்டேன்.”

“‘டுமீ’ன்னான். ‘ல்’லுக்கு முன்னாடி இருமல் வந்துருச்சு. அது குண்டு இல்ல, சளி!”

சார்ஜெண்ட் ரூலோஃப் கண்ணை மூடித் திறந்தார். டிரெந்தே மாகாணத்துப் புதர்வெளியில் ராணுவப் பயிற்சி தொடங்கியதிலிருந்து ஓயாத தூறல். அவர்தான் நடுவர். வெற்றுத் தோட்டா வாங்கக் காசில்லை, வாயாலேயே சுட்டுக்கொள்ளுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. வளர்ந்த ஆண்பிள்ளைகள் புதருக்குப் பின்னால் நின்று டுமீல் டுமீல் என்று கத்த, யார் செத்தது என்று பஞ்சாயத்து பண்ணுவதே அவர் பிழைப்பாகிவிட்டது.

“பாலத்தைக் காக்கற அணியில மிச்சம் நான் ஒருத்தன்தான், ரூலோஃப். நானும் செத்தா பாலம் போச்சு. ‘போருக்குத் தயாரில்லை’ன்னு சொல்லி, செலவு மிச்சம்னு நம்ம படைக் கம்பெனியையே கலைச்சிருவாங்க. தெரியும்ல?”

“தெரியும். அதுக்காக உனக்குச் சாகாவரம் குடுக்க முடியுமா?”

வைப்ரன் பதிலுக்கு வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை, மூச்சுதான் வாங்கியது. பாலத்து மணல் மூட்டைகளையெல்லாம் தோளில் சுமந்து அடுக்கியவர் அவர். வண்டி ஓட்டினால் டீசல் செலவு.

“செத்தவனுக்கு இவ்வளவு மூச்சு ஆகாதுய்யா,” என்று ரூலோஃப் ‘இறந்தவர்’ என்ற மஞ்சள் அட்டையை அவர் கழுத்தில் மாட்டினார். அட்டை கழுத்தில் ஏறிவிட்டால் விசில் ஊதும்வரை பேசக் கூடாது, அசையக் கூடாது.

“நான் சாகலை. சொல்லிட்டேன்,” என்று முணுமுணுத்தபடி வைப்ரன் ஈரப் புல்லில் சாய்ந்தார்.

ரூலோஃப் அடுத்த சண்டையைத் தீர்க்கப் போனார். பாதியில் திரும்பிப் பார்த்தால், வைப்ரன் ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

“பிணம் கையாட்டாது!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கை இறங்கிவிட்டது.

மருத்துவ உதவிக்கு வந்த ஃபெம்கே பையோடு அந்தப் பக்கம் போனாள். முழுப் பயிற்சிக்கும் அவள் ஒருத்திதான். குனிந்து அட்டையைப் படித்தாள். “செத்தவங்க என் கணக்குல இல்ல. காயம்பட்டவங்க எங்கேப்பா?” என்று நடையைக் கட்டினாள்.

ஒருவழியாக விசில் ஒலித்தது. பட்டாணி சூப் வாசனை வந்ததும் செத்தவர்கள் எல்லாம் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு வரிசைக்கு ஓடினார்கள். வைப்ரன் மட்டும் எழவில்லை.

‘கோபம். இருக்காதா பின்னே,’ என்று நினைத்தார் ரூலோஃப். யோசித்துப் பார்த்தால் அந்த ‘ல்’ அவருக்கும் கேட்கவில்லைதான்.

இரண்டு கோப்பை சூப்போடு போய் நின்று, வைப்ரனின் பூட்ஸைக் காலால் மெல்லத் தட்டினார்.

“எழுந்திருய்யா. பாலம் உங்க அணிக்குத்தான்னு சொல்லிட்டேன். கம்பெனி பிழைச்சுது. போதுமா?”

அட்டையைக் கழற்றக் குனிந்தார். திறந்திருந்த கண்ணில் தூறல் விழுந்தது, இமை அசையவில்லை.

சூப் கோப்பைகள் புல்லில் சரிந்தன.

“நீ சாகலை, வைப்ரன்... ஒத்துக்கறேன். நீ சொன்னதுதான் சரி. எழுந்திரு.”