இரண்டு பென்சில் கோடுகள்

மருத்துவர் வரைந்த படம் மேசைமேல் கிடக்கிறது. சிறுநீர்ப்பை, அதன் கீழே புற்று வந்த புராஸ்டேட் சுரப்பி, அதன் இருபுறமும் ஒட்டியபடி இறங்கும் இரண்டு பென்சில் கோடுகள். மின்விசிறி சோம்பலாகச் சுற்றுவதில் காகிதத்தின் ஓரம் எழுந்து எழுந்து அடங்குகிறது. "வயித்தத் திறந்தும் எடுக்கலாம், சின்னச் சின்னத் துளை போட்டு ரோபோ வச்சும் எடுக்கலாம். எப்படிப் பண்ணாலும் சுரப்பிய முழுசாத்தான் எடுப்போம்," என்கிறார் மருத்துவர். எதிரே நோயாளியாக உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரீஷியனின் காய்த்துப்போன விரல் கோடுகளின்மேல் வந்து நிற்கிறது. "இந்த ஒயரு?" என்று கேட்கிறார். "அது நரம்பு. தாம்பத்தியத்துக்கு அதுதான். முடிஞ்சவரைக்கும் காப்பாத்தப் பார்ப்போம். புத்து அதுலயும் ஒட்டியிருந்தா வெட்டித்தான் ஆகணும்." விரல் நகரவில்லை. பக்கத்தில் அவர் மனைவி கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுக்கிறார், நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொள்கிறார், ஊசியில் நூல் கோக்கிறவரைப்போல் படத்தின்மேல் குனிகிறார். "வெட்டுங்க டாக்டர்," என்கிறார். "எனக்கு ஆளு வேணும்." காகிதத்தின் ஓரம் எழுந்து அடங்குகிறது. எலக்ட்ரீஷியன் விரலை எடுத்துக்கொண்டு மின்விசிறியை அண்ணாந்து பார்க்கிறார். வெகுநேரம் தலையை இறக்கவே இல்லை. "கண்டென்சர் வீக்காயிருக்கு டாக்டர்," என்கிறார். "ஆபரேஷன் முடிஞ்சதும் நானே வந்து மாத்தித் தரேன்."