ராக்கெட் தோண்டிய குழி

"இன்னிக்கும் தோண்டிடுச்சுங்க!"

பாஞ்சாலை கத்தினாள். கொய்யா மரத்தடியில் முழங்கை ஆழத்துக்குக் குழி. மரத்தின் இலைகளெல்லாம் ஓரம் கருகியிருந்தன. பக்கத்தில் ராக்கெட், மூக்கெல்லாம் மண்ணோடு வாலை ஆட்டியது.

"மிளகாத்தூள் தூவியாச்சு, முள்ளு வெச்சாச்சு. மூணு மரம் இருக்குது, இத மட்டும்தான் நோண்டுது. நாயா, மரமா? நீங்களே சொல்லுங்க."

"காய்க்கிற மரம்டி" என்றான் கணவன் தேவநாதன்.

மறுநாள் ராக்கெட்டை வண்டியில் ஏற்றிப் போய், எங்கோ இடையஞ்சாவடிப் பக்கம் இறக்கிவிட்டு வந்தான்.

குழியை மூடியும் மரம் தேறவில்லை. இரண்டு வாரத்தில் மொட்டையாகிவிட்டது. கன்று கொடுத்த நர்சரிக்காரர் பலராமன் வந்து, வேரைக் கிளறிப் பார்த்தார்.

"நாய் வேரைக் கடிச்சிடுச்சாண்ணே?"

"ஒரு பல்லு கூட படலியேம்மா."

ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தவர், உடனே துப்பினார்.

"உப்பு கரிக்குது! அதான் நாய் தோண்டித் தோண்டி நக்கியிருக்குது. யாரும்மா இங்க உப்பைக் கொட்டினது?"

"ஐயோ, யாரும் கொட்டலியே!"

அப்போது படலைத் திறந்துகொண்டு தேவநாதன் வந்தான். முழங்கால் வரை உப்பளத்து வெள்ளை. தினமும் செய்வதுபோல் மரத்தடிக்குப் போய், குடத்தைச் சாய்த்து உப்புக் கூடையையும் காலையும் கழுவ ஆரம்பித்தான்.

கழுவுகிற தண்ணீர் மரத்துக்காவது போகட்டும் என்று, இந்த சீசன் தொடக்கத்தில் அந்தக் குடத்தை அங்கே கொண்டுபோய் வைத்தவள் பாஞ்சாலைதான்.

"ராக்கெட்ட எந்த இடத்துலங்க விட்டீங்க?" என்றாள்.