கொண்டுபோன மணி

பார்க்டேல், 1998. புலம்பெயர்ந்தவர்கள் வேலைசெய்யும் தையல் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில் லூர்தஸ் ஒரு கோவில் மணியின் பத்திரிகைப் படத்தை மேசையில் விரிக்கிறாள். பிலிப்பைன்சைப் பிடிக்க வந்த அமெரிக்கப் படை அவளுடைய ஊரை எரித்துவிட்டுக் கொண்டுபோன அந்த மணி, கிட்டத்தட்ட நூறு வருடமாகியும் அமெரிக்க முகாமில்தான் இருக்கிறது. குழாய்விளக்கின் வெளிச்சத்தில் தாள் பளபளக்கிறது. மன்னார்க்காரி பிலோமினா குனிந்து பார்க்கிறாள். எதிரே அருள்நாயகம் சோற்றைப் பிசைந்தபடி, “காரணமில்லாமல் ஊரை எரிச்சிருப்பானோ?” என்கிறார். “எங்கட கோயிலை ஆமி எரிக்கேக்கையும் இப்பிடித்தான் சொன்னவை, அண்ணை.” பிலோமினா படத்திலிருந்து கண்ணெடுக்காமல் சொல்கிறாள். அவர் அடுத்த கவளத்தை உருட்டுகிறார். தமிழ் புரியாத லூர்தஸ், “என்ன சொல்கிறார்?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். “மணி எவ்வளவு பெரியது என்று கேட்கிறார்,” என்கிறாள் பிலோமினா. லூர்தஸின் முகம் மலர்கிறது. அருள்நாயகத்துக்குக் காட்டுவதற்காக இரண்டு கைகளையும் அகல விரிக்கிறாள்.