கட்டாய விடுப்பு

கணக்கு அக்கா ஒன்பது நாளாக வீட்டில் இருக்கிறாள். இருக்கிறாள் என்றுதான் பேர். சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு, அது அடித்துவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருக்கிறாள்.

பதினொரு வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு எடுத்ததில்லை. காய்ச்சல் என்றாலும் போய்விடுவாள். கடைசி ஆளாக விளக்கை அணைப்பவளும் அவளே. ஆபீஸே மெச்சிக்கொண்டது.

புதிதாக வந்த மேனேஜர் மெச்சவில்லை. கணக்குப் பார்ப்பவர் யாராயிருந்தாலும் வருஷத்தில் பத்து நாள் வெளியே இருக்க வேண்டும், அந்தப் பத்து நாளும் அவர் நாற்காலியில் வேறு ஆள் உட்கார வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். ஒளித்து வைத்தது ஏதாவது இருந்தால் வெளியே வந்துவிடுமாம்.

அதைக் கேட்ட அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான். இந்த வேலை போனால், இந்த வயதில் எங்கே போய் நிற்பது?

வீட்டுக்காரருக்குச் சிரிப்புதான் வந்தது. கணக்காளருக்கு இப்போது எங்கே பார்த்தாலும் கிராக்கி, படித்து முடித்த பிள்ளைகளை வாசலிலேயே அள்ளிக்கொண்டு போகிறார்கள், நீ என்னடாவென்றால் பயந்து சாகிறாயே என்று செய்தித்தாளை நீட்டினார்.

அவள் அதைத் தொடவில்லை.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, எதிலாவது கை வைத்துவிட்டாயா என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினாள். அவர் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா இருந்தது அவள் முகம்?

அப்போதுதான் போன் அடித்தது.

அழைத்தது, ஆபீஸில் இப்போது அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். அக்கா எடுத்த வேகத்தில் போன் ஒருமுறை கீழே விழுந்து எழுந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தார்.

அந்தப் பெண் நல்லவள், பாவம். எங்கேயும் எதுவும் இடிக்கவில்லை, எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று வாயாரப் புகழ்ந்தாள். வீட்டுக்காரர் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

அக்கா சாயவில்லை.

"எனக்கு தினமும் பதினொரு மணிக்கே எல்லாம் முடிஞ்சிடுதுக்கா," என்றாள் அந்தப் பெண். "அதுக்கப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்கன்னு மேனேஜர் கேக்கறாரு. பக்கத்துலதான் இருக்காரு."