போன வருஷக் காலண்டர்

"கொஞ்சம் கீழ இறக்குங்க, வால் தெரியுது" என்றாள் பாண்டியம்மாள்.

ராமசுப்பு சுவரில் இருந்த காலண்டரை நாலு விரல் கீழே இறக்கினான்.

"இப்ப தலை தெரியுது."

"ஏட்டி, நான் என்ன செய்ய? வெடிப்பு நீளமா இருக்கு, காலண்டர் குட்டையா இருக்கு."

"போன வருஷத்துப் பெரிய காலண்டர் பரண்ல கெடக்கு. அதை எடுங்க. வீடு பாக்க வாரவரு வந்துருவாரு."

சோலைமுத்து வளவில் வரிசையாக ஆறு வீடுகள். கட்டி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. குடிவந்த அன்று புது வெள்ளை அடித்துப் பளிச்சென்று இருந்ததைப் பார்த்து ராமசுப்பு ஏமாந்துதான் போனான். கரிசல் மண்ணில் ஆழமாகத் தோண்டாமல் அஸ்திவாரம் போட்ட சங்கதி, கோடையில் தரை வெடித்தபோது தெரிந்தது. தரையோடு சேர்ந்து சுவரும் வெடித்தது.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவன் ராமசுப்பு. வெடிப்பைத் தீக்குச்சி வைத்துத்தான் அளப்பான். சித்திரையில் ஒரு குச்சி போனது. ஆடி பிறந்ததும் நாலு குச்சி சேர்ந்தாற்போல் போயிற்று. போன வாரம் ஒரு காரைக்கட்டி பெயர்ந்து தொட்டிலில் விழுந்தது. நாலு மாதப் பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில். அன்றிலிருந்து இருவருக்கும் உயிர் கையில் இல்லை. ஐப்பசி மழை இறங்கினால் இந்தச் சுவர் நிற்காது.

வேறு வீடு பார்த்தாயிற்று. ஆனால் வீட்டுக்காரர் சோலைமுத்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"வளவு வழக்கம் தெரியும்லா? போறவியதான் அடுத்த ஆளைக் குடிவச்சிட்டுப் போகணும். எல்லா வளவுலயும் இதே கதைதான். ஆளைக் காட்டாம சாமானை ஏத்துனா வண்டி கேட்டைத் தாண்டாது."

இதுவரை மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் வெடிப்பைப் பார்த்தார்கள். வந்த வழியே போய்விட்டார்கள்.

"நாம செய்யுதது பாவம் இல்லையா?" என்றான் ராமசுப்பு, பரணிலிருந்து இறங்கிக்கொண்டே.

"பாவம் பாத்தா நம்ம பிள்ளையை யாரு பாப்பா? நாம போற வீட்டை நெனச்சுக்கிடுங்க. சாமி படமும் காலண்டருமா வீடே கோயில் கணக்கா இருந்துச்சு. அந்தம்மா மோர் குடுத்து எவ்வளவு பிரியமா பேசினாவ! இங்கன இனி ஒரு நாள் கூட என்னால இருக்க முடியாது."

பெரிய காலண்டர், வெடிப்பின் தலையையும் வாலையும் சேர்த்து மூடியது. ஆடிக் காற்று தூக்கிவிடாமல் இருக்கக் கீழ் மூலைகளிலும் இரண்டு ஆணி அடித்தான் ராமசுப்பு. சுத்தியலை ஒளித்து வைப்பதற்கும் வாசலில் செருமல் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

வந்தவர் கருத்தையா. ஐம்பது வயதிருக்கும். மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வே வேலை என்றார்.

"இப்ப எங்கன இருக்கீங்க, அண்ணாச்சி?"

"கிட்டத்துலதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தார். "தண்ணி எப்படி?"

"கெணத்துல உப்புத்தண்ணி. குடிக்கத் தெருக்குழாய்தான். அதுவும் நாலு நாளைக்கு ஒருக்க வரும்."

இந்த ஒரு விஷயத்திலாவது உண்மை சொன்னோமே என்று ராமசுப்புவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கருத்தையா அந்தச் சுவர் பக்கம் வந்தார். ஆறுதல் போன இடம் தெரியவில்லை.

"காலண்டர் போன வருஷத்துதுல்லா?"

ராமசுப்பு பாண்டியம்மாளைப் பார்த்தான்.

"முருகன் படம். கழட்ட மனசு வரலை" என்றாள் பாண்டியம்மாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும். சாமிதானே."

ஜன்னல் வழியாகக் காற்று வீசியடித்தது. காலண்டர் வயிறு மாதிரிப் புடைத்தது. கீழ் ஆணிகள் பிடித்துக்கொண்டன.

"எம் மக தலப்பிரசவத்துக்கு வாரா" என்றார் கருத்தையா. "மழைக்கு முன்னால வீடு மாறிரணும்னு பறக்கேன். இந்தச் சுவரோரமா கட்டிலைப் போட்டா பிள்ளைக்காரிக்கு நல்லா காத்து வரும்."

ராமசுப்பு வாயைத் திறந்தான். பாண்டியம்மாள் தொட்டிலை வேகமாக ஆட்டினாள். பிள்ளை சிணுங்கியது. அவன் வாயை மூடிக்கொண்டான். தன்னை நினைத்துத் தனக்கே வெட்கமாக இருந்தது.

"எனக்குச் சம்மதம். வெள்ளிக்கிழமை சாமானோட வாரேன். உங்க வளவுக்காரர்கிட்டயும் சொல்லிருதேன்."

பாண்டியம்மாள் மூச்சு விட்டாள். வாசலில் செருப்பை மாட்டிய கருத்தையா, தொட்டிலைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ரொம்ப தூரமா போறீங்க?"

"இல்லை அண்ணாச்சி, இதே ஊருதான். கடற்கரை அண்ணாச்சி வளவு. நாலாம் நம்பர் வீடு."

கருத்தையாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளையை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார். நேராகக் காலண்டரிடம் போய்க் கீழ் மூலைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு ஆணிதான் அடிச்சிருக்கீங்க, தம்பி" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல். "நாலாம் நம்பர்ல உங்களுக்கு மோர் குடுத்தது எம் பொஞ்சாதி. அங்கன காலண்டருக்குக் கீழ நாலு ஆணி அடிச்சது நான்."