பட்டியலுக்கு வெளியே ஏழு பேர்

பட்டியலை மூன்றாவது முறை படித்தாள்.

பன்னிரண்டு பெயர்கள். அவள் பெயர் இல்லை.

இது நாலாவது கல்லூரி.

மதுரையின் அந்தப் பெண்கள் கல்லூரிக்குக் காலையில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் இப்போதுதான் பிளஸ் டூ முடித்தவர்கள். வாலிபால் டீமில் இடம் கிடைத்தால் படிப்பும் விடுதியும் இலவசம்.

அவளுக்குப் பத்து ஸ்மாஷ் அடித்தார்கள். ஒன்பதை எடுத்தாள். கடைசிப் பந்துக்கு விழுந்ததில் முழங்கைத் தோல் உரிந்திருந்தது.

உடற்கல்வி மேடம் கிளம்பிக்கொண்டிருந்தார். நேரே போய் எதிரில் நின்றாள்.

"மேடம், நான் எதுல கொறஞ்சுட்டேன்?"

மேடம் முழங்கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லாத்தான்மா எடுத்த. உயரம் பத்தல. பின்னாடி நின்னு பந்தெடுக்க எங்ககிட்ட ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க. உன் ஆட்டத்த வீடியோ எடுத்து மத்த காலேஜுக்கு அனுப்பிப் பாரு."

அனுப்பியிருந்தாள். பதினோரு கல்லூரிகளுக்கு. வாட்ஸப்பில் எல்லாவற்றிலும் நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

"உயரத்த வாசல்லயே அளந்திருக்கலாமே மேடம். வந்த பஸ்லயே திரும்பிப் போயிருப்பேன்."

திரும்பி நடந்தாள்.

திங்கட்கிழமை திருப்பூர். பனியன் கம்பெனியில் வேலைக்கு மாமா சொல்லி வைத்திருந்தார். இந்த ஒரு காலேஜ், அதோடு சரி என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் விடியற்காலையில் சாத்தூரில் பஸ் ஏறியிருந்தாள்.

கல்லூரி வாசலை ஒட்டிப் பேருந்து நிறுத்தம்.

அங்கே ஆறு பெண்கள் நின்றார்கள். காலையில் வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியவர்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

அவர்களில் சகாயராணி மட்டும் பையின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வந்தவர்களில் அவள்தான் நெட்டை. பதற்றத்தில் இரண்டு பந்தை வலையிலேயே அடித்துவிட்டாள்.

"எந்திரி," என்றாள் இவள். "நெட்டுல அடிச்சது ரெண்டுதான். மத்ததெல்லாம் என் கையில இன்னும் எரியுது."

சகாயராணி நிமிர்ந்து பார்த்து எழுந்தாள்.

"எல்லாரும் எந்தக் காலேஜ்ல சேரப் போறீங்க?" என்று இவள் மற்றவர்களைக் கேட்டாள்.

ஒருத்தி தோளைக் குலுக்கினாள்.

"நான் கவர்மெண்ட் காலேஜ்ல," என்றாள் ரிஸ்வானா. காலையில் இவளுக்குப் பக்கத்தில் நின்று பந்து தூக்கிக் கொடுத்தவள். "எங்க அக்கா அங்கதான் படிக்கிறா. ஆனா பொண்ணுங்களுக்கு டீமே கெடயாது. கிரவுண்டுல ரெண்டு கம்பம் நிக்கும். நெட்டு கூட இல்ல."

"டீம் இல்லேன்னா நம்மள வேண்டாம்னு சொல்லவும் ஆளில்ல," என்றாள் இவள்.

யாரோ சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்தவளும்தான்.

"அப்ளிகேஷனுக்கு நாளைக்குக் கடைசி," என்றாள் ரிஸ்வானா.

"இப்பவே போவோம்," என்றாள் இவள். " ஏழு பேரும். பிரின்சிபால் ரூம்ல போயி நிப்போம். நெட்டு வாங்கித் தாங்க, ஆடுறோம்னு கேப்போம்."

முதலில் ஒருத்தி தலையாட்டினாள். பிறகு இன்னொருத்தி. பிறகு யாரும் மிச்சமில்லை.

அம்மாவுக்கு போன் போட்டாள்.

"திங்கக்கெழம நான் திருப்பூர் போகலம்மா."

"எடம் கெடச்சிருச்சா?"

"இல்ல."

அம்மா திட்டினாள். தன் தலையெழுத்தைத் திட்டினாள், பந்தைத் திட்டினாள், முதன்முதலில் பந்தைக் கையில் கொடுத்த வாத்தியாரைத் திட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"மாமாவுக்கு யாருடி பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

போனை வைக்கும்போது வாட்ச்மேன் வாசலைத் தாண்டி வேகமாக வந்தார்.

"மேடம் கூப்புடுறாங்க. ஒரு பொண்ணு வேற காலேஜுக்குப் போறேன்னு சொல்லிருச்சாம். ஒரு எடம் காலி."

இவள் கால் தானாக ஓரடி முன்னால் போனது.

"அந்த ஒசரமான பொண்ணு எங்கப்பா? சகாயராணியாம்ல?"

முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்தாள்.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். சகாயராணி பார்த்திருந்தாள்.

"நான் போகல," என்றாள் சகாயராணி. "ஏழு பேருன்னு பேசியாச்சுல்ல."

வாட்ச்மேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இவள் குனிந்தாள்.

கீழே கிடந்த பையை எடுத்து சகாயராணியின் தோளில் மாட்டினாள். அதற்கு நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தது.

"லூசா நீ? போ. காலேஜ் மேட்ச்ல பாப்போம். நெட்டுக்கு அந்தப் பக்கம் நீ நிப்ப, இந்தப் பக்கம் நான் நிப்பேன். பாவம்னு நெனச்சு மெதுவா மட்டும் அடிச்சுராத."

சகாயராணி இவள் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். பிறகு வாட்ச்மேன் பின்னால் நடந்தாள்.

வாசலுக்குள் அவள் மறையும் வரை ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப நமக்கு யாரு ஸ்மாஷ் அடிக்கிறது?" என்றாள் ரிஸ்வானா மெல்ல.

பஸ் வந்து நின்றது.

"ஏறு. கத்துக்குவோம்."